என்னை யாரும் கூட்டிவரவில்லை

மாடிப்படி ஏறி உள்ளே போனதும் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், "பேஷண்ட் கீழ இருக்காங்களா? மாடி ஏற முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"நான்தானுங்க பேஷண்ட்."

"கூட யாரும் வரலீங்களா?"

"எனக்குக் காலு ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், வயது, ஊர், தொழில் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் 'அழைத்து வந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் 'உறவு' என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் 'நான்' என்று எழுதினேன். அடுத்ததில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

பீளமேட்டில், கல்லூரிகளுக்குப் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த இடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்து நான்கு வயது. பக்கத்திலேயே ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீசியன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. ஊர் பைத்தியம் என்று சொல்லும்படியாக நான் எதுவும் செய்ததில்லை. சட்டையைக் கிழித்துக்கொண்டதில்லை, ரோட்டில் நின்று கத்தியதில்லை. சுவிட்சைப் போடுவதற்கு மட்டும் கை வராமல் போயிருந்தது. எலெக்ட்ரீசியனுக்கு அது வராவிட்டால் வேறு என்ன வரும்?

என் அப்பா அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அவருடைய அப்பாவுக்கும் அதே தோட்டம்தான். நான் ஐ.டி.ஐ. முடித்து மில்லில் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் குடியிருந்த வளவில் அது பெரிய செய்தி. பெரிய ஹேண்டிலை மேலே தூக்கினால் ஒரு கூடம் முழுக்க இயந்திரங்கள் ஓட ஆரம்பிக்கும். அதைத் தூக்குகிற கை என் கை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. பத்து வருஷம் அந்தப் பெருமையோடு இருந்தேன்.

கார்டிங் என்று ஒரு பிரிவு. பஞ்சைச் சீவி இழையாக்குகிற இடம். உருளை முழுக்க ஊசி ஊசியாகக் கம்பி இருக்கும். அங்கே வேலை செய்த ஒருவன் என் நண்பன். கிணத்துக்கடவுக்காரன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். மதியச் சோற்றை எப்போதும் பங்கிட்டுத்தான் தின்போம். ஒரு நாள் பகல் ஷிப்டில் அவனுடைய மெஷினுக்கு ஃபியூஸ் போய்விட்டது. நான் போய்ச் சரி செய்தேன். மெஷின் நின்றிருந்த நேரத்தில் அவன் மூடியைத் திறந்து சிக்கியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தான். சுவரில் இருக்கிற சுவிட்ச்போர்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு தூண். எனக்கு அவன் தெரியவில்லை. மேஸ்திரி கையை ஆட்டி, "போடு, போடு" என்றார். போட்டேன்.

அவனுடைய வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் மிஞ்சியது.

விசாரணை நடந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். மேஸ்திரி மீது தவறில்லை, என் மீதும் தவறில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கையில் பெரிய கட்டோடு படுத்திருந்தவன் என்னைப் பார்த்து, "உன்ற மேல என்னப்பா தப்பு? போடச் சொன்னாங்க, போட்டே" என்றான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். தையல் பிரித்ததும் அவன் கிணத்துக்கடவுக்கே போய்விட்டான், அண்ணனுடைய தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. மெஷினைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு சுவிட்ச்போர்டுக்கு வருவேன். ஹேண்டிலில் கை வைத்ததும், இந்தப் பக்கம் பார்த்தோமா என்று தோன்றும். திரும்பப் போவேன். மறுபடி வருவேன். மறுபடி தோன்றும். அதற்குள் நாலு பேர் கத்துவார்கள். கடைசியில் இன்னொரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லிவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விடுவேன். அவனும் எத்தனை நாள் போடுவான்? வீட்டிலும் அதே கதைதான். வெளியே கிளம்பினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். சைக்கிளில் பாதி தூரம் போய்விட்டு, அணைத்தோமா என்று திரும்பி வருவேன். என் மனைவி பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை விட்டு வந்து வியர்வையோடு உட்கார்ந்திருப்பாள். "ஏனுங்க, ஃபேன் சுவிட்சையாச்சும் போடுங்க" என்பாள். நான் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அவளே எழுந்து போட்டுக்கொள்வாள்.

அண்ணன் என்னை ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கயிறு கட்டிவிட்டார். தொழிலாளர் மருந்தகத்தில் சத்து ஊசி போட்டார்கள். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். தூங்கினேன். எழுந்ததும் சுவிட்ச் அங்கேயேதான் இருந்தது.

பீளமேட்டு மாடியில் இருந்த போர்டைப் பற்றி அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். நான் வேலைக்குப் போகிற டவுன் பஸ் தினமும் அந்த ஜெராக்ஸ் கடைக்கு எதிரே நெரிசலில் நிற்கும். ஜன்னலிலிருந்து பார்த்தால் மாடியில் 'மனநல ஆலோசனை' என்று எழுதியிருக்கும். ஒரு மாதம் படித்துப் பார்த்தேன். பிறகு அண்ணனிடம், அங்கே போகலாமா என்று இருக்கிறது என்றேன்.

"டேய், அதெல்லாம் பங்களாக்காரங்களுக்கு வர்ற நோவுடா" என்றார். "நமக்கெல்லாம் எங்கடா வருது? பாடுபடறவனுக்கு ஒடம்புதான் நோகும். மனசு எங்க நோகுது?"

"எனக்கு நோகுதேண்ணா."

"நொந்தா நொந்துட்டுப் போகட்டும். வெளிய சொல்லிப்போடாதே. நாளைக்கு உன்ற புள்ளையை எவன் கட்டுவான்?"

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அண்ணன் கெட்டவர் அல்ல. என்னைப் படிக்க வைக்கத் தன் படிப்பை விட்டவர். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆட்கள் கோயிலுக்குள் போவதற்கு யாரோ சம்மதிக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் மற்றவர்கள் குடிக்கிற டம்ளரில் குடிப்பதற்கும் யாரோ சம்மதிக்க வேண்டியிருந்தது. இப்போது மனசு கெட்டுப்போவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்கிறார், அதுவும் என் சொந்த அண்ணன். அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு வார லீவு. யாரிடமும் சொல்லாமல் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு படியேறினேன். அங்கேதான் அந்தப் பெண் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தேடினாள்.

உள்ளே இருந்த உளவியலாளர் என்னைவிட வயதில் சின்னவர். முப்பது இருக்கலாம். காட்டன் சேலை, மேசையில் ஒரு மண்கூஜா. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். முடித்ததும், "தண்ணி குடிங்க" என்றார். பிறகு படிவத்தைப் பார்த்து, "நீங்களேதான் வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஏனுங்க, எல்லாரும் அதையே கேக்கறீங்க? வரக்கூடாதுங்களா?"

"வரலாங்க. இங்க அப்படி யாரும் அதிகமா வர்றதில்லை. அதான் கேட்டேன்."

கட்டணத்தைப் பற்றி நானே பேசினேன். என்னால் முடிந்ததைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போனேன். வெளி அறையில் ஆறு நாற்காலிகள். எனக்கு முன்னால் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று எனக்கு ஒரு கணக்குப் பிடிபட ஆரம்பித்தது.

பெண்கள் நிறைய வந்தார்கள். அவர்கள் பேசவில்லை, கூட வந்தவர்கள் பேசினார்கள். "சமையல்ல கவனமே இல்லீங்க. எதைக் கேட்டாலும் அழுவறா" என்று ஒரு கணவர் மேசையில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருப்பார். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தனியாக வந்த பெண்கள் தலைவலி என்றுதான் சொன்னார்கள். கல்லூரிப் பையன்களை அப்பாக்கள் கூட்டிவந்தார்கள், வண்டியை சர்வீசுக்கு விடுவதுபோல. "செமஸ்டருக்கு முன்னாடி சரியாயிருமுங்களா?" என்று ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டேன். பையன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வயது ஆண்கள் வந்தால், யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். ஒருவர் மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் மூன்று முறை, "நான் சும்மா தொணைக்கு வந்தனுங்க" என்றார். நான் கேட்கவே இல்லை. பொள்ளாச்சிக்காரர்கள் பீளமேட்டுக்கு வந்தார்கள். பீளமேட்டுக்காரர்கள் பெங்களூருக்கோ பாலக்காட்டுக்கோ போனார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சொந்த ஊரில் படியேற யாருக்கும் தைரியம் இல்லை.

எங்கள் ஆட்களில் ஒருவர்கூட வரவில்லை. மில்லில் கூட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தோட்டக்கூலிகள் யாரும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. எங்களுக்கு நோவு இல்லாமல் இல்லை. எங்கள் வளவில் ஒருத்தி தோல் உரிகிற வரைக்கும் கை கழுவுவாள். சாமி வந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். எங்கள் லைன் வீட்டுக்காரர் ஒருவர் மூன்று வருஷம் யாரிடமும் பேசவில்லை. அவரைக் குடிகாரன் என்றார்கள். தானாக உயிரை விட்ட இரண்டு பேரை நாங்களே சுமந்துகொண்டு போய்ப் புதைத்திருக்கிறோம். வயிற்றுவலி தாங்காமல் போய்விட்டார்கள் என்று சொன்னோம், போலீசிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். எங்களுக்கு வருவதெல்லாம் வயிற்றுவலி என்றே ஆகிவிட்டது.

ஒரு நாள் உளவியலாளரிடமே கேட்டேன். "எங்காளுக ஏனுங்க இங்க ஒருத்தருமே வர்றதில்லை?"

"நானும் யோசிக்கிறேங்க. இந்த போர்டைப் படிச்சிட்டு, இது எனக்குத்தான்னு ஒருத்தர் நினைக்கணுமில்ல? நீங்க எப்படி நினைச்சீங்க?"

"நான் ஒண்ணும் நினைக்கலீங்க. பஸ்ஸு தினமும் அங்க வந்து நின்னுபோட்டுது."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வைத்தியம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பலகையில் பல்பும் சுவிட்சும் பொருத்திக்கொண்டு வரச் சொன்னார். ஒரு முறை போட்டு, ஒரு முறை அணைத்து, திரும்பிப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே போக வேண்டும். முதல் வாரம் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். நாலாவது வாரம் மாடிப்படி இறங்கினேன். உள்ளங்கை நனைந்து கைக்குட்டை ஈரமாகிவிட்டது. "ஒரு தடவை பார்க்கிறது முறைங்க. ரெண்டாவது தடவை பார்க்கிறது பயம்" என்பார். எனக்கு அது பிடித்தது. ஏனென்றால், முதல் தடவை பார்ப்பதை அவர் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை.

நண்பனைப் பற்றியும் பேசினோம். போடச் சொன்னது யார், போட்டது யார், கை வைத்திருந்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "அந்த ஹேண்டிலுக்கு ஒரு பூட்டு இருந்திருந்தா?" என்று கேட்டார். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அந்த வாரமே மில்லுக்கு ஒரு மனு எழுதினேன். மெயின் ஹேண்டிலுக்குப் பூட்டுப் போட வேண்டும். மெஷினுக்குள் கை வைக்கிறவன் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் மனு. பதில் வரவில்லை.

இதற்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வெளி அறையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு, சாதாரண நூல் சேலை. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். எங்கள் மில் முதலாளியம்மா. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மில்லுக்கு வந்து தன் கையால் எங்களுக்குப் பொரிப் பொட்டலம் கொடுக்கிறவர். வீட்டில் மூன்று கார் நிற்க, ஆட்டோவில் வந்திருக்கிறார். மேசையில் இருந்த பெண் 'மேடம்' என்று மட்டும் கூப்பிட்டாள், பெயர் சொல்லவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன், பழக்கம் அப்படி.

அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. மில்லில் 'ஏப்பா' என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு, "நீங்க நம்ம எலெக்ட்ரிக்கல்ல இருக்கறவர்தானுங்களே?" என்றார்.

"ஆமாங்க."

"என்னை இங்க பார்த்ததா யார்கிட்டயும் சொல்லீராதீங்க. கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சொல்ல மாட்டனுங்க." ஒரு நிமிஷம் கழித்து, "என்னைப் பார்த்ததா நீங்க தாராளமாச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உட்கார்ந்தேன்.  எங்கள் பரம்பரையில் முதலாளி வீட்டு அம்மாவுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அங்கே அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி நாற்காலி.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்று வரைக்கும் தெரியாது. அந்த அம்மா சொல்லியிருக்க மாட்டார். ஜெராக்ஸ் கடைக்கு வந்த யாராவது பார்த்திருக்கலாம். நானும் ஒளிந்து போகவில்லை.

மேசையில் என் மனு கிடந்தது.

"ஏப்பா, பீளமேட்டுல ஏதோ மூளை டாக்டர்கிட்டப் போறியாமா?"

"மூளைக்கு இல்லீங்க, மனசுக்குப் பார்க்கறவங்க. ஆமாங்க, போறனுங்க."

இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்போல. சற்று நேரம் பேனாவை உருட்டினார். "நல்ல குடும்பத்துல இருக்கறவங்க யாராச்சும் அந்தப் படி ஏறுவாங்களாப்பா?" என்றார்.

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் முதலாளி குடும்பத்தின் பெரிய போட்டோ மாட்டியிருந்தது. பட்டுச்சேலையில் அந்த அம்மா நடுவில் நின்றிருந்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேனேஜர் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் போட்டோவைப் பார்த்தேன், பிறகு மேனேஜரைப் பார்த்தேன். என்னுடைய வழக்கை இன்னொருவரின் ரகசியத்தை வைத்து ஜெயிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று தோன்றியது.

"நான் ஏறுனனுங்க. என்ற குடும்பம் நல்ல குடும்பந்தானுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்னையெல்லாம் கரண்டுல விட முடியாது. நாளையிலிருந்து கேட்டுல வாட்ச்மேனாப் போய் நில்லு."

"எழுத்துல குடுங்க. எந்தத் தேதியில, எந்த மெஷின்ல, என்ன தப்பு செஞ்சேன்னு எழுதிக் குடுங்க. போய் நிக்கறேன்."

"எதிர்த்துப் பேசறியா?"

"ஆமாங்க. எதிர்த்துத்தான் பேசறேன்."

அவர் மனுவைத் தூக்கிக் காட்டினார். "பூட்டு, சாவி! இதெல்லாம் உன்ற வியாதி பேசுதுப்பா."

"பயந்தானுங்க வியாதி. பூட்டு வியாதி இல்லீங்க. அந்தப் பூட்டு இருந்திருந்தா ஒருத்தன் இன்னைக்கு வலது கையில சோறு தின்னுட்டிருப்பானுங்க."

வெளியே வந்து நேராக எலெக்ட்ரிக்கல் அறைக்குப் போனேன்.  

எழுத்தில் எதுவும் வரவில்லை. நானும் கேட்டுக்குப் போகவில்லை. தினமும் ஷிப்டு நேரத்துக்கு வந்து, கார்டைப் போட்டுவிட்டு, எலெக்ட்ரிக்கல் அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலை தரக்கூடாது என்று வாய்ச்சொல். இந்தக் கூத்து பதினைந்து நாள் நடந்தது. சிலர் 'மென்டல்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிட்டான். "ஏப்பா, செவ்வாய்க்கிழமை போறேன். நீயும் வர்றியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வாரத்திலேயே மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். ஒருவர் மனைவிக்காகக் கேட்டார், ஒருவர் மச்சானுக்காகக் கேட்டார். மூன்றாமவர், தூக்கம் வராததற்கெல்லாம் அங்கே மருந்து கிடைக்குமா என்று சுற்றி வளைத்தார். என்னை 'மென்டல்' என்று கூப்பிட்ட அதே ஆள்தான் அவர். மூன்று பேருக்கும் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொன்னேன்.

பதினாறாம் நாள் மதியம் கார்டிங்கில் வரிசையாக நாலு மெஷின் நின்றுபோயின. இன்னொரு எலெக்ட்ரீசியன் லீவு. மேஸ்திரி ஓடி வந்து வாசலில் நின்றார். கூப்பிடவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மேனேஜரே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "போய்ப் பாரு" என்றார்.

பார்த்தேன். கேபிள் முனை கருகியிருந்தது. வெட்டிப் புதிதாகப் பொருத்தினேன். பிறகு நாலு மெஷினையும் ஒரே ஒரு முறை சுற்றி வந்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் அருகில் நின்று, அங்கே இருந்தவரிடம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். மேஸ்திரி, "போடு" என்றார். "நீங்க சொன்னாப் போட மாட்டனுங்க. கையைப் பார்த்துட்டுத்தான் போடுவேன்" என்றேன். சுவிட்ச்போர்டுக்குப் போனேன். இன்னொரு முறை பார் என்று மனசு சொன்னது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டு ஹேண்டிலைத் தூக்கினேன். மெஷின் ஓடியது. எல்லோர் கையிலும் விரல்கள் இருந்தன.

பூட்டு கடைசி வரைக்கும் வரவே இல்லை. ஆனால் கார்டிங் ஆட்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். மெஷினுக்குள் கை வைக்கிறவன் முதலில் ஹேண்டிலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவான். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேனேஜர் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விட்டார்.

அண்ணன் மட்டும் ஒறம்பரை, சொந்தக்காரர்களிடமெல்லாம் தம்பிக்குக் கரண்ட் ஷாக் அடித்துவிட்டது, அதற்குத்தான் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ, ஷாக் அடித்தது தேவலையா என்று விசாரித்தார்கள். "ஷாக் அடிக்கலீங்க. மனசுக்கு முடியாமப் போச்சு. வைத்தியம் பார்க்கறேன், பரவால்லீங்க" என்றேன். அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். என் மனைவி பந்தியில் எதிர் வரிசையில் இருந்தாள். "ஃபேன் எல்லாம் அவரேதானுங்க போடறாரு இப்ப" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அவளுக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதன் பிறகே கிணத்துக்கடவுக்குப் போகிற தைரியம் எனக்கு வந்தது. விபத்து நடந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நண்பன் தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் இளநீர் வெட்டப் பழகியிருந்தான். வெட்டிக் கொடுத்தான், குடித்தேன். நான் அந்த அறையைப் பற்றி, பல்புப் பலகையைப் பற்றி, மேனேஜரைப் பற்றியெல்லாம் சொன்னேன். முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு துண்டால் மூடியிருந்த வலது கையை எடுத்துக் காட்டி, "இல்லாத வெரலு அரிக்குதுப்பா" என்றான். "சொறியவும் முடியலை. அந்த மெஷின் சத்தம் வேற காதுல கேட்டுட்டே இருக்குது. ஆருகிட்டச் சொல்றது? சொன்னாச் சிரிப்பாங்க."

வா, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த அறையில் கூட்டிவரப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த விதத்தை நான் பார்த்திருக்கிறேன். இடத்தைச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை நான் அங்கே இருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவனும் அவன் மனைவியும் படியேறி வந்தார்கள். அவன் என்னைப் பார்க்காததுபோல நேராக மேசைக்குப் போய், "சம்சாரத்துக்குத் தலைவலிங்க. காட்டலாம்னு கூட்டியாந்தேன்" என்றான். அந்தப் பெண் படிவத்தை எடுத்தாள்.

அவன் மனைவி மேசைக்கு அருகில் வந்தாள். பிறகு படிவத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள். "எனக்குத் தலைவலியே கெடையாதுங்க. நான் கல்லு மாதிரி இருக்கறேன். இவருக்குத்தானுங்க. போன வாரமே வாரேன்னுபோட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்பிட்டாரு. இந்த வாரம் எனக்குத்தான்னு பொய் சொல்லியாச்சும் வாங்கன்னு நான்தான் சொன்னேன். வந்தாச்சு. இனி எதுக்குங்க பொய்?"

நாற்காலிகளில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மனைவியோடு துணைக்கு வந்த ஒருவர் தினத்தாளை மடியில் வைத்துவிட்டார். நண்பன் தலை குனிந்து நின்றான். நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றேன், தோளில் கை வைக்கவில்லை. அவனே இடது கையால் பேனாவை வாங்கிக் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினான். எழுதி முடிக்க நேரமாயிற்று, யாரும் உதவிக்கு வரவில்லை, வர வேண்டியும் இருக்கவில்லை. உள்ளே போகும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனான். மறைக்காத அந்தக் கையை விபத்துக்குப் பிறகு நான் பொது இடத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் ஏழெட்டு முறை வந்தான். அரிப்பு முழுக்கப் போகவில்லை, குறைந்தது. சத்தம் நின்றுவிட்டது. கடைசியாக வந்த அன்று கீழே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "எங்கூர்ல ஆராச்சும் கேட்டா, கைக்கு மருந்து வாங்க வந்ததாச் சொல்லிப்போடு" என்றான்.

"உன்ற சங்கதியை நான் எதுக்குச் சொல்றேன்? கேட்டா எனக்குத் தெரியாதும்பேன்."

"நீ வேற, ஊரு பூரா உன்ற கதையைச் சொல்லிட்டுத் திரியற. உன்கூடப் பார்த்தாலே தெரிஞ்சுபோகுமேப்பா."

"அப்ப நீ அந்தப் பக்கம் போய் நின்னு குடி" என்றேன்.

அவன் போகவில்லை. இடது கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்று, அவனுடைய பஸ் வரும் வரைக்கும் ஆற ஆறக் குடித்தான்.